அட்டையில் இருக்கும் இரண்டாவது பெயர்

“இந்த ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய்?” என்று எங்கள் தமிழாசிரியை கேட்டார். “ஓர் இசைத்தட்டின் அட்டையைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன், டீச்சர்” என்றேன். “என்ன இசைத்தட்டு?” என்றார். “ராக் இசைத்தட்டு” என்று மெல்லச் சொன்னேன். டீச்சரின் புருவம் உயர்ந்தது. “பாட்டைப் பற்றி எழுதவில்லை, டீச்சர். அட்டையில் ஓர் ஓவியரின் பெயர் இருக்கிறது. அதைப் பற்றித்தான்” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். “சரி, எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம்” என்றார். அந்தச் சொல் தந்த துணிவில் எழுதுகிறேன். ராக் இசையைக் கேளுங்கள் என்று யாரையும் நான் வற்புறுத்தவில்லை. கேட்க வேண்டாம் என்பவர்களும் இக்கட்டுரையைப் படிக்கலாம்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர். லண்டனில் இறங்கிய ஒரு நாளில் அவர் வாங்கி வந்த இசைத்தட்டு ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் இன்றும் இருக்கிறது. அதைச் சுழலவிடும் பெட்டி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகையால் அந்தத் தட்டை நான் கேட்டதைவிட அதன் அட்டையைப் பார்த்ததே அதிகம். காய்ச்சலில் படுத்த நாட்களிலெல்லாம் அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு, “இவர் யார் தாத்தா? அவர் யார்?” என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கிலாந்து நாட்டின் ‘பீட்டில்ஸ்’ என்ற இசைக்குழுவினர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ என்பதே அந்த இசைத்தட்டு. அட்டையின் நடுவில் ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் பளபளக்கும் பட்டுச் சீருடையில் பேண்டு வாத்தியக்காரர்களைப் போல நிற்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே, கறுப்பு உடை அணிந்த அவர்களுடைய மெழுகுப் பொம்மைகளும் நிற்கின்றன. பின்னால் ஒரு பெருங்கூட்டம்! விஞ்ஞானி ஐன்ஸ்டைன், காரல் மார்க்ஸ், பெர்னார்ட் ஷா, ஆஸ்கார் வைல்ட், டாக்டர் லிவிங்ஸ்டன், சிரிப்பு நடிகர்கள் லாரலும் ஹார்டியும் என்று ஏறத்தாழ அறுபது முகங்கள். நம் நாட்டவரும் இருக்கிறார்கள். யுக்தேஸ்வர் கிரி, பரமஹம்ச யோகானந்தர், லாஹிரி மகாசயர், பாபாஜி ஆகிய நான்கு யோகியரை ஜார்ஜ் ஹாரிசன் தெரிந்தெடுத்தார். முன்னால் ஒரு பூப்பாத்தி. அதில் சிவப்புப் பூக்களாலேயே குழுவின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

இதைச் சித்திரம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. கணிப்பொறியில் படங்களை ஒட்டிச் சேர்க்கும் வித்தை அன்று இல்லை. அத்தனை பேருடைய நிழற்படங்களையும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கெட்டி அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, வண்ணம் தீட்டி, வரிசை வரிசையாக நிறுத்தி, மெய்யாகவே ஒரு நாடக மேடையைப் போல அமைத்தார்கள். அதன் முன்னால் 1967 மார்ச் 30ஆம் நாள் பீட்டில்ஸ் நால்வரும் வந்து நின்றார்கள். லண்டன் செல்ஸி பகுதியிலுள்ள நிழற்படக் கூடம் ஒன்றில் மைக்கேல் கூப்பர் என்பவர் படம் எடுத்தார்.

ஒரு நாள் அட்டையிலுள்ள பொடி எழுத்துக்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அரங்கத்தை அமைத்தவர்கள் என்று இரண்டு பெயர்கள் அங்கே இருந்தன. ஒன்று பீட்டர் பிளேக். மற்றொன்று ஜேன் ஹாவர்த். “தாத்தா, இந்த இரண்டாவது ஆள் யார்?” என்று கேட்டேன். தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “பிளேக்கைத் தெரியும், பெரிய ஓவியர். இன்னொருவர் யாரோ அவருடைய உதவியாளராக இருப்பார்” என்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அட்டை அவரிடம் இருக்கிறது. இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. ஒன்றைத்தான் அவர் கண் வாசித்திருக்கிறது.

தோழியரே, அந்த இரண்டாவது ஆள் ஒரு பெண். உதவியாளர் அல்லர், ஓவியர். அவரைப் பற்றி நான் தேடிப் படித்து அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

ஹாவர்த் அம்மையார் 1942இல் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் பிறந்தவர். தந்தை டெட் ஹாவர்த் திரைப்படங்களுக்குக் கலை இயக்குநராக இருந்து ஆஸ்கார் பரிசு பெற்றவர். தாயாரும் ஓவியக் கலைஞரே. திரைப்படத்துக்காக எழுப்பும் பொய்த் தெருக்களையும் பொய் வீடுகளையும் பார்த்து வளர்ந்த பெண் அவர். 1961இல் லண்டனுக்கு வந்து ஸ்லேட் ஓவியக் கல்லூரியில் பயின்றார். அங்கே அவர் தூரிகையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஊசியையும் நூலையும் எடுத்தார். துணியைத் தைத்து, பஞ்சு அடைத்து, ஆள் உயரப் பொம்மைகளைச் செய்தார். ஆண் மாணவர்களுக்குத் தெரியாத ஒரு மொழி தையல் என்பதை உணர்ந்தே அதைத் தெரிந்தெடுத்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1963இல் பீட்டர் பிளேக்கை மணந்தார்.

பிளேக் அவர்கள் 1932இல் கென்ட் மாவட்டத்தில் பிறந்தவர். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்றவர். அக்காலத்தில் ஓவியக் கூடங்கள் வேறு உலகம், பாட்டுக் கச்சேரிகள் வேறு உலகம். பிளேக் அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவரில் கதவு திறந்தார். 1961இல் அவர் தம்மையே வரைந்த ஓவியத்தில், சட்டை நிறைய வில்லைகளைக் குத்திக்கொண்டு, கையில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றிய ஒரு பத்திரிகையை வைத்துக்கொண்டு நிற்கிறார். பாட்டை விரும்பும் சாதாரணப் பையனும் ஓவியத்துக்கு உரியவனே என்பது அதன் பொருள்.

மறுபக்கத்திலிருந்து இசைக்காரர்களும் அந்தக் கதவை நோக்கி வந்தார்கள். ஜான் லெனன் லிவர்பூல் ஓவியக் கல்லூரி மாணவர். ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்டும், பிற்காலத்தில் ‘குவீன்’ குழுவில் பாடிய ஃபிரெடி மெர்க்குரியும் ஈலிங் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள். தமது மேடையிலேயே கிட்டாரை உடைத்த டவுன்ஷெண்ட், அந்த எண்ணத்தைத் தமக்குத் தந்தவர் அக்கல்லூரிக்கு வந்து பேசிய குஸ்தவ் மெட்ஸ்கர் என்னும் கலைஞர் என்று சொன்னார். அழிப்பதையே ஒரு கலையாகக் காட்டியவர் மெட்ஸ்கர். (நம் பள்ளி ஆர்மோனியத்துக்கு அப்படி எதுவும் நேராது என்று இசை ஆசிரியைக்கு உறுதி கூறுகிறேன்!) பிளேக்கிடமே வால்தம்ஸ்டோ கல்லூரியில் ஓவியம் பயின்ற ஐயன் டியூரி பின்னர் புகழ்பெற்ற ராக் பாடகரானார். ஆகவே, ஓவியர்கள் பாடகர்களுக்கு வெறும் அலங்காரம் செய்து கொடுத்தவர்கள் என்று எண்ணுவது சரியன்று. எப்படிப் பார்ப்பது, எப்படித் துணிவது என்பதையே கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி அட்டைக்கு வருவோம். பேண்டு வாத்தியக் குழுவைப் போல வேடமிட்டு, தமக்குப் பிடித்த மனிதர்கள் சூழ நிற்க வேண்டும் என்ற கருத்து மக்கார்ட்னியுடையது. அதை அவர் மையால் சிறு படங்களாக வரைந்தும் பார்த்தார். ராபர்ட் ஃபிரேசர் என்ற ஓவியக் கூட உரிமையாளர், பிளேக்கையும் ஹாவர்த்தையும் அழைத்து வந்து குழுவினரோடு சேர்த்து வைத்தார். கூட்டத்தில் யார் யார் நிற்க வேண்டும் என்று பீட்டில்ஸ்காரர்கள் பட்டியல் கொடுத்தார்கள். மற்றவர்கள் சொல்வதே தமக்கும் சம்மதம் என்று ரிங்கோ மட்டும் இருந்துவிட்டார். ஓவியர்களும் ஃபிரேசரும் தம் பங்குக்குச் சில பெயர்களைச் சேர்த்தார்கள். பெரிய பேரிகையின் தோலில் எழுத்துக்களைத் தீட்டியவர் திருவிழாக் கடைகளுக்கு ஓவியம் வரையும் ஜோ எஃப்கிரேவ் என்பவர். மெழுகுப் பொம்மைகள் மேடம் துசாட் காட்சிசாலையிலிருந்து வந்தன.

ஹாவர்த் அம்மையாரின் கை எங்கே இருக்கிறது? கறுப்பு வெள்ளையில் இருந்த அந்த நிழற்பட உருவங்களுக்கு வண்ணம் தீட்டியது அவர். அட்டையின் வலப்பக்கத்தில் ஒரு துணிக் கிழவி அமர்ந்திருக்கிறாள். அவள் மடியில், கோடுபோட்ட சட்டையணிந்த ஒரு சிறுமிப் பொம்மை. குழந்தை நட்சத்திரமான ஷெர்லி டெம்பிளின் உருவம் அது. அந்தக் கிழவியையும் சிறுமியையும் தைத்தது அவரே. தலைப்பு எழுத்துக்களைப் படத்தின் மேல் தனியே அச்சடிக்காமல், பேரிகையிலும் பூப்பாத்தியிலும் மெய்யான பொருள்களாகவே அமைத்ததில் தமக்கிருந்த ஆர்வத்தையும் அவர் விளக்கியிருக்கிறார். திரைப்பட அரங்குகளுக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்கு அது இயல்பாக வந்த எண்ணமாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த அட்டைக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 3,000 பவுண்டு. அக்காலத்தில் ஓர் அட்டைக்குச் சுமார் 50 பவுண்டு செலவழிப்பதே வழக்கமாம். அந்த 3,000இல் ஓவியர் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 200 பவுண்டு. 1968இல் சிறந்த அட்டைக்கான கிராமி பரிசு பிளேக், ஹாவர்த் ஆகிய இருவர் பெயருக்கும் வழங்கப்பட்டது.

அந்த அட்டையால் இசை உலகில் உண்டான மாற்றம் பெரிது. அதற்கு முன் பெரும்பாலான அட்டைகளில் பாடகர்கள் புன்னகைத்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். இந்த அட்டையோ புத்தகம் போலத் திறந்தது. பின்பக்கத்தில் பாடல் வரிகள் முழுவதும் அச்சாகியிருந்தன. உள்ளே வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி மீசை, பதக்கம், சார்ஜன்ட்டின் பட்டை எல்லாம் அச்சிட்ட தாள் ஒன்றும் இருந்தது. (எங்கள் வீட்டில் அந்த மீசை இப்போது இல்லை. அம்மா ஐந்து வயதில் வெட்டி ஒட்டிக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தாராம்!) 1968இல் வெளிவந்த தம் இசைத்தட்டுக்கு அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா இதே அட்டையைக் கேலி செய்து படம் எடுத்தார். கேலி செய்யவும் ஒரு புகழ் வேண்டுமன்றோ? அதே 1968இல் பீட்டில்ஸ் மற்றோர் ஓவியரை நாடினார்கள். ரிச்சர்ட் ஹாமில்டன் என்ற அவர், இத்தனை கூட்டத்துக்கும் நேர்மாறாக, ஒன்றுமே இல்லாத வெள்ளை அட்டையைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை மட்டும் அச்சிடச் செய்தார். பிளேக்கும் பின்னாளில் 1984இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பாடகர்கள் பலர் கூடி வெளியிட்ட கிறிஸ்துமஸ் இசைத்தட்டுக்கு அட்டை செய்தார். 1995இல் பால் வெல்லரின் ‘ஸ்டான்லி ரோடு’ இசைத்தட்டுக்கும் அவரே அட்டை அமைத்தார்.

இவ்வளவு புகழும் வந்தபோது இரண்டு பெயர்களில் ஒன்று மெல்லத் தேய்ந்தது. “பிளேக்கின் அட்டை” என்றே எத்தனையோ நூல்களிலும் கட்டுரைகளிலும் எழுதினார்கள். பிளேக் அவர்களுக்கு 2002இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. அவர் அதற்குத் தகுதியானவரே. நான் அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. அச்சிட்டவர்களும் பெயரை மறைக்கவில்லை, பரிசளித்தவர்களும் மறைக்கவில்லை. பின் யார் மறைத்தது? படித்தவர்கள் மறைத்தார்கள். என் அன்பான தாத்தா மறைத்தார். இரண்டு பெயர்களைக் கண்டால் ஒன்றை முதலாளி என்றும் மற்றொன்றைக் கையாள் என்றும் நினைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. இரண்டாவது பெயர் மனைவியின் பெயராக இருந்து, அவர் கையில் ஊசி நூலும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி இல்லை என்பதே என் விடை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு விழாவில் எங்கள் வகுப்பு நாடகம் போட்டது நினைவிருக்கலாம். பின்திரையில் ஒரு கடற்கரைக் கிராமம். அதை வரைந்தவள் நான். திரைக்கு முன்னால் வலை பின்னும் பாட்டியும், கூடைக்காரியும், தூங்கும் நாயுமாக ஏழு துணிப் பொம்மைகள் இருந்தன. அவற்றைத் தைத்தவள் என் தோழி. பழைய சேலைகளைக் கேட்டு வாங்கி, பஞ்சு போதாமல் தன் தலையணையைப் பிரித்து, பத்து நாட்கள் இரவில் உட்கார்ந்து தைத்தாள். பாட்டியின் கழுத்து நிற்கவில்லையென்று அழுதுகொண்டே மூன்று முறை பிரித்துத் தைத்தாள். விழாவன்று சிறப்பு விருந்தினர், “இந்த அழகான அரங்கத்தைச் செய்த குழந்தை யார்?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போனேன். கைதட்டல் கேட்டது. ஒரு பேனாப் பெட்டி பரிசு கிடைத்தது. “நானும் என் தோழியும்” என்ற மூன்று சொற்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே இறங்கியபோது அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கைதட்டல்தான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் செய்கிறது.

யாரும் அவள் பெயரை வேண்டுமென்று மறைக்கவில்லை. விருந்தினருக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் பேசாமல் இருந்தேன். படம் வரைவது கலை, பொம்மை தைப்பது கைவேலை என்று என் மனத்தின் ஒரு மூலையில் நானும் எண்ணியிருக்கிறேன் என்பது வெட்கத்தோடு இப்போது புரிகிறது. குறுக்குத் தையலும் சங்கிலித் தையலும் கற்றுத் தரும் சிஸ்டர், “இதற்கும் மதிப்பெண் உண்டு, விளையாடாதீர்கள்” என்று வாரந்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது ஏன்? ஓவிய வகுப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லையே!

“குழந்தாய், பெயருக்கும் புகழுக்கும் ஆசைப்படலாமா? மறைவாகச் செய்வதன்றோ சிறந்தது? தாழ்ச்சி ஒரு புண்ணியமல்லவா?” என்று கேட்கக்கூடிய பெரியவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். இதைப் பல நாட்கள் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான். என் பெயரை நானே மறைத்துக்கொண்டால் அது தாழ்ச்சி. அடுத்தவள் பெயரை நான் மறைத்தால் அது தாழ்ச்சி ஆகாது. பிறர் பொருளை எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயரோ அதுவே இதற்கும் பெயர். தாழ்ச்சி என்பது அவரவர் தமக்குத் தாமே தெரிந்தெடுக்க வேண்டியது. ஒருத்திக்காக மற்றொருத்தி அதைத் தெரிந்தெடுக்க முடியாது.

“ஒரு வேலையில் பத்துப் பேர் இருப்பார்கள். எல்லோர் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடுமே” என்பது இரண்டாவது தடை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் பிடித்த ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்ட முடியாதுதான். ஆனால் ஒருவர் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, அவரே தனியாக இழுத்தார் என்று சொல்லலாமா? சொல்ல நேரமில்லையென்றால் “பலர்” என்ற ஒரு சொல்லாவது சொல்லலாமே. பெயர் போடுவதில் நேர்மாறான வேடிக்கையும் உண்டு. அதே 1967இல் நியூயார்க்கில் ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ என்ற குழுவின் இசைத்தட்டுக்கு ஆண்டி வார்ஹால் என்ற ஓவியர் ஒரு வாழைப்பழத்தை வரைந்தார். தோலை உரிக்கும்படியாகவே ஒட்டியிருந்தார்கள். அந்த அட்டையின் முன்பக்கத்தில் ஓவியரின் பெயர் மட்டும் இருந்தது. பாடுபவர்களின் பெயரே இல்லை! அங்கே மறைந்தது ஓவியரல்லர், பாடகர்கள். ஆக, இது ஆண், பெண் என்ற வழக்கு மட்டுமன்று. புகழ் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேயே மேலும் போய்க் குவியும் என்பதுதான் வழக்கு.

சார்ஜன்ட் பெப்பர் அட்டையில் மற்றொரு குறையும் உண்டு. என் விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். அத்தனை கூட்டத்தில் மெய்யாக வாழ்ந்த பெண்கள் மே வெஸ்ட், மர்லின் மன்றோ, மார்லின் டீட்ரிச், டயானா டார்ஸ், ஷெர்லி டெம்பிள் ஆகிய ஐவரே. ஐவரும் திரைப்பட நடிகைகள். மற்றப் பெண்களெல்லாம் பத்திரிகைச் சித்திரங்களும் மெழுகுத் தலைகளுமே. எழுத்தாளர் ஒருவர், விஞ்ஞானி ஒருவர், ஓவியர் ஒருவர் பெண்களில் கிடைக்கவில்லையா? மேரி கியூரி அம்மையாருக்கு ஐன்ஸ்டைன் பக்கத்தில் நிற்க இடமில்லையா? நம் காந்தியடிகளுக்கும் முதலில் அந்தக் கூட்டத்தில் இடம் இருந்தது. இந்தியர்கள் மனம் புண்படுவார்களோ என்று இசைத்தட்டு நிறுவனத் தலைவர் சர் ஜோசப் லாக்வுட் அஞ்சியதால் அவர் உருவம் மறைக்கப்பட்டது. காந்தியடிகளை எடுத்தவர்களாவது அதைப் பற்றி யோசித்து எடுத்தார்கள். பெண்களை யாரும் எடுக்கவில்லை. அவர்களைச் சேர்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. தெரிந்தெடுத்தவர்களில் ஹாவர்த் அம்மையாரும் ஒருவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று அவர் இளம் வயதினர்தான்.

அவரிடம் நான் மிகவும் வியப்பது இதற்குப் பின் அவர் செய்ததைத்தான். பிளேக்கும் அவரும் 1979இல் பிரிந்தார்கள். பின்னர் அவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். தம் பெயர் தேய்ந்துபோயிற்றே என்று மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 2004இல் சால்ட் லேக் நகரத்தில் ஒரு பெரிய சுவரை எடுத்துக்கொண்டு, சார்ஜன்ட் பெப்பர் கூட்டத்தைப் புதிதாக அமைக்கத் தொடங்கினார். முப்பதுக்கு மேற்பட்ட உள்ளூர்க் கலைஞர்கள் அவரோடு சேர்ந்து வரைந்தார்கள். இம்முறை கூட்டத்தில் பெண்களுக்கும் வெவ்வேறு இனத்தவருக்கும் தாராளமாக இடம் இருந்தது. பிறகு தம் மகள் லிபர்ட்டி பிளேக்கோடு சேர்ந்து பெண்களை மட்டுமே கொண்ட சுவரோவியங்களைத் தொடங்கினார். லண்டன் தேசிய உருவப்படக் கூடம் புதுப்பிக்கப்பட்டு 2023இல் திறக்கப்பட்டபோது, 130 பெண்களின் உருவங்களைக் கொண்ட அவர்களுடைய ஏழு பலகை ஓவியம் அங்கே இடம்பெற்றது. அந்த உருவங்களைச் செய்தவர்களும் பெரிய பெரிய ஓவியர்கள் மட்டும் அல்லர். ஓவியமே பழகாத பலரும் காகிதத்தை வெட்டி, வண்ணம் இட்டு, ஆளுக்கொரு முகம் செய்து கொடுத்தார்கள்.

எவ்வளவு அழகான விடை! “என் பெயரை எடுத்துவிட்டீர்கள்” என்று சுவரில் எழுதாமல், இன்னும் பெரிய சுவரைக் கட்டி, இன்னும் பல கைகளையும் பெயர்களையும் அதில் சேர்த்துவிட்டார். 1967இல் தாமும் சேர்ந்து விட்ட பிழையை 2004இல் தம் கையாலேயே திருத்தினார். பிழையைத் திருத்த 37 ஆண்டுகள் கழித்தும் முடியுமென்றால், ஓர் ஆண்டு கழித்து என்னால் முடியாதா?

ஆகவே சென்ற மாதம் தலைமையாசிரியைச் சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிஸ்டர் சினந்துகொள்ளவில்லை. “இதை யார் முன்னால் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நின்று சொன்னேன். முழங்கால் நடுங்கிற்று. என் தோழியின் முழுப் பெயரையும், ஏழு பொம்மைகளையும், பிரித்த தலையணையையும்கூடச் சொன்னேன். மாணவியர் கைதட்டினார்கள். பேனாப் பெட்டியை அவளிடம் கொடுத்தேன். அவள் பேனாவை எடுத்துக்கொண்டு பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “இரண்டு பேர் செய்தது, இரண்டு பேருக்கும்தான்” என்றாள்.

இந்தக் கட்டுரையில் அவள் பெயரைப் போடட்டுமா என்றும் கேட்டேன். “வேண்டாம், கூட்டத்தில் சொன்னதே போதும். எனக்குக் கூச்சமாக இருக்கிறது” என்றாள். ஆகவே போடவில்லை. இம்முறை அது அவளே தெரிந்தெடுத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு இப்போது விளங்கும் என்று நம்புகிறேன்.

முடிவாக, பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இனி நம் பள்ளி விழாக்களில் நாடகம் முடிந்ததும், நடித்தவர்களின் பெயரோடு, தைத்தவர், ஒட்டியவர், விளக்குப் போட்டவர், திரையை இழுத்தவர், நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிய ஆயா அம்மா என எல்லோர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாசிக்கலாம். இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. இந்த ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்திலும் அட்டைப் படம் வரைந்தவர், பிழை திருத்தியவர், பக்கங்களை அமைத்தவர், அச்சகத்தில் தைத்துக் கட்டியவர் ஆகியோரின் பெயர்களை அச்சிடலாம். தோழியருக்கும் ஒரு வார்த்தை. இனி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பொடி எழுத்துக்களையும் படியுங்கள். இரண்டாவது பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள்.

தாத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த அவருடைய நண்பர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, “இது பீட்டர் பிளேக் செய்ததுதானே?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் தாத்தா சாய்வு நாற்காலியிலிருந்தபடியே, “ஜேன் ஹாவர்த்தும்” என்றார்.

— பத்தாம் வகுப்பு மாணவி